புக்கிட் பாஞ்சாங் ஒத்திகை

சந்திரமதி: நீ ஏன் இப்படி முன்னாடி முன்னாடி ஓடுறே யாக்கூப்? ட்ரெயினை விட்டு இறங்கினதிலேர்ந்து பார்க்கிறேன்.

யாக்கூப்: ஓடலக்கா. நான் மேல போய் லைட்டைப் போட்டுட்டுக் கூப்பிடுறேன். நீங்க இங்க நிழல்ல நில்லுங்க.

சந்திரமதி: பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?

யாக்கூப்: மாடிப்படி இருட்டா இருக்கும்.

சந்திரமதி: இந்த மாடிப்படியா? இதுல நான் ராணி வேஷத்துல ஏறியிருக்கேன், பைத்தியக்காரி வேஷத்துல இறங்கியிருக்கேன். தாரணி வயித்துல இருந்தப்ப, ஏழாம் மாசம்கூட ஏறினேன். எனக்கு இருட்டுன்னு சொல்றியா?

யாக்கூப்: அது அப்போ. நீங்க நம்ம பந்தல் நாடகக் குழு பக்கம் வந்தே மூணு வருஷத்துக்கு மேல ஆகுது.

சந்திரமதி: அதுக்குள்ள படி இடம் மாறிடுச்சா?

யாக்கூப்: ரெனவேஷன் நடந்துச்சுல்லக்கா…

சந்திரமதி: ஆமா… ரெனவேஷன். மறந்தே போயிட்டேன்.

யாக்கூப்: அதான் சொல்றேன்.

சந்திரமதி: சரி, நீ ஏறு. நான் அதுக்குள்ள கீழ பாத்திரக்கடையில அலீம் பாயைப் பார்த்துட்டு வர்றேன். எங்க வீட்டுக்காரர் தவறினப்ப வீட்டுக்கு வந்திருந்தாரு, ஒரு வார்த்தை பேச முடியல.

யாக்கூப்: அலீம் பாய் இல்லக்கா. ஜோகூர் போயிருக்காரு.

சந்திரமதி: கல்லாவுல உட்கார்ந்திருக்காரே.

யாக்கூப்: அது… அவர் தம்பி.

சந்திரமதி: என்னைப் பார்த்துக் கையை ஆட்டுறாரு.

யாக்கூப்: தம்பிக்கும் உங்களைத் தெரியும்லா. சிங்கப்பூர்ல நாடகம் பார்க்கிற எவனுக்கு உங்களைத் தெரியாது? வாங்க, மேல போவோம். நிரஞ்சனா காத்துக்கிட்டு இருக்கு.

சந்திரமதி: இப்பத்தான் இங்கேயே நில்லுங்கன்னே.

யாக்கூப்: வெயிலா இருக்குக்கா.

சந்திரமதி: நிழல்லதானே நிக்கிறேன்… சரி, வா. இந்தக் கேசரி டப்பாவைப் பிடி. கையைப் பிடிக்காதே, டப்பாவைப் பிடி. எனக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கு.

யாக்கூப்: மெதுவா…

சந்திரமதி: மெதுவாத்தான் ஏறுறேன். இப்பவே சொல்லிடுறேன் யாக்கூப், மேல போய் மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. புது ஹாலை வந்து பாருங்கன்னு ஆறு மாசமா கூப்பிட்டே, வந்துட்டேன். பார்க்கிறேன், எல்லாருக்கும் நன்றி சொல்றேன், போறேன். நடிக்க வர மாட்டேன்.

யாக்கூப்: நான் ஒண்ணுமே சொல்லலியே.

சந்திரமதி: நீ சொல்லாம இருக்கிறதே சொல்ற மாதிரிதான் இருக்கு.

நிரஞ்சனா: சந்திரா ஆன்ட்டி… வாங்க, வாங்க. எவ்வளவு நாளாச்சு.

சந்திரமதி: நிரஞ்சனா… இளைச்சிட்டியே பொண்ணு. ஸ்டேஜ் மேனேஜர் வேலையை இவன் உன் தலையில கட்டிட்டு, சாப்பாடு போடுறதில்லையா?

நிரஞ்சனா: உங்க சனிக்கிழமை சாப்பாடு நின்னு போச்சுல்ல ஆன்ட்டி, அதான். ஆன்ட்டி… அந்தச் செவுத்துல சாயாதீங்க.

சந்திரமதி: ஏன்?

நிரஞ்சனா: இல்ல, சும்மா… இந்தப் பக்கம் வாங்களேன்.

சந்திரமதி: கையில ஒட்டுது.

யாக்கூப்: ஐயோ, துணி எடு நிரஞ்சனா.

சந்திரமதி: நீலக் கலரா? நல்லாத்தான் இருக்கு. மூணு வருஷமா நடந்த ரெனவேஷன், பெயிண்ட் இன்னும் காயலையே.

நிரஞ்சனா: செகண்ட் கோட் ஆன்ட்டி.

சந்திரமதி: ஒரு செவுத்துக்கு மட்டுமா?

யாக்கூப்: மத்தது… டிசைன். இப்பல்லாம் அப்படித்தான், ஒரு செவுரு மட்டும் தனியாத் தெரியணும்.

சந்திரமதி: நல்லாத் தெரியுது. சரி, தரையெல்லாம் புதுசா மாத்தினோம்னே?

யாக்கூப்: மாத்திட்டோம்.

சந்திரமதி: இங்க, இந்த இடதுபக்கப் பலகையில கால வச்சா கிரீச்சுன்னு கத்தும். கவிப்ரியா அழுகிற சீன்ல ஜனங்க சிரிச்சிடுவாங்க… இரு, பார்க்கிறேன்.

நிரஞ்சனா: ஆன்ட்டி, அங்க வேணாம்…

சந்திரமதி: இப்பவும் கத்துதே.

நிரஞ்சனா: அது வந்து ஆன்ட்டி… இது கன்சர்வேஷன் ஷாப்ஹவுஸ். பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே செஞ்சு வைக்கணும். ரூல்.

சந்திரமதி: சத்தத்தோடயா?

நிரஞ்சனா: ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆன்ட்டி.

சந்திரமதி: அப்படியா. புது ஏர்கோன் எங்க? மூணு போட்டிருக்கோம்னு அவர்கிட்ட சொன்னியே யாக்கூப்.

யாக்கூப்: போட்டோம்க்கா. சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்.

சந்திரமதி: மூணையுமா?

யாக்கூப்: மூணும் ஒரே நேரத்துல கெட்டுப் போச்சு.

சந்திரமதி: பாவம்… எனக்குன்னு ஒரு மேக்கப் ரூம் கட்டியிருக்கேன்னும் சொன்னே. அதைப் பார்க்கலாமா?

யாக்கூப்: அது… பின்னாடி. கொஞ்சம் குப்பையா இருக்கும்.

சந்திரமதி: என் ரூம்தானே. நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் கேசரியைத் தட்டுல எடுத்து வைங்க.

நிரஞ்சனா: …அங்கிள்.

யாக்கூப்: உஷ். போயிட்டாங்களா?

நிரஞ்சனா: போயிட்டாங்க. நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஒரு செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சா யாரும் நம்ப மாட்டாங்கன்னு.

யாக்கூப்: நேத்தே அடிச்சிருக்கணும். இன்னிக்குக் காலையில அடிச்சா காயுமா?

நிரஞ்சனா: காயுறதா பிரச்சினை? இங்க ஒரு ஆணிகூட மாத்தல. எத்தனைக்குக் கன்சர்வேஷன்னு சொல்றது? சொல்லிடலாம் அங்கிள். சேகர் அங்கிளும் போயி ஒரு வருஷம் ஆகப் போகுது. ரெனவேஷன் ஒண்ணும் நடக்கல, உங்களுக்காகத்தான் உங்க வீட்டுல ஒத்திகை வச்சோம்னு சொல்லிட்டா என்ன? நல்ல விஷயம்தானே செஞ்சோம்.

யாக்கூப்: உனக்கு அவங்களை ஸ்டேஜ்ல தெரியும். எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். சேகர் அண்ணனை ஸ்ட்ரோக்கோட வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் எனக்குப் போன் பண்ணினாங்க. 'யாக்கூப், என் பேரை எடுத்துடு, இனிமே பந்தலுக்கு வர முடியாது'ன்னாங்க. அவ்வளவுதான். நாங்க மாத்தி மாத்தி வந்து அண்ணனைப் பார்த்துக்கிறோம்னேன். 'எனக்காக யாரும் வரக் கூடாது, வந்தா கதவைத் திறக்க மாட்டேன்'னுட்டாங்க.

நிரஞ்சனா: திறந்திருக்கவும் மாட்டாங்க.

யாக்கூப்: மாட்டாங்க. அதான் மறுநாள் நான் போன்ல அழுதேன். கூரை ஒழுகுது, கரையான் அரிச்சிடுச்சு, எல்லாத்தையும் பிரிச்சு வேலை செய்யணுமாம், ஒத்திகைக்கு இடமில்லாம நடுத்தெருவுல நிக்கிறோம், உங்க ஹாலைக் கொடுங்கக்கான்னு. உடனே, 'அதுக்கா அழுறே, சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா'ன்னாங்க. அவங்களுக்குக் கொடுக்கத்தான் தெரியும்மா. வாங்கிக்கச் சொன்னா கதவைச் சாத்திடுவாங்க.

நிரஞ்சனா: ஒரு மாசம்னுதானே எங்ககிட்ட சொன்னீங்க.

யாக்கூப்: ஒரு மாசத்துல எழுந்திருக்கிற வியாதியா அது?

நிரஞ்சனா: கரையான் முடிஞ்சு காண்ட்ராக்டர் ஓடிட்டான், அப்புறம் டைல்ஸ் ஜோகூர்ல மாட்டிக்கிச்சு, அப்புறம் இடியில ஒயரிங் போச்சு… எங்க எல்லாருக்கும் கதையை மனப்பாடம் பண்றதே பெரிய வேலை. ஷோவைக்கூட இங்க போட முடியல. சமூக மன்றம், ஸ்கூல், துவாஸ் தொழிலாளர் டார்மிட்டரின்னு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம்.

யாக்கூப்: துவாஸ்ல கிடைச்ச கைத்தட்டல் இந்த ஹால்ல கிடைச்சிருக்குமா? அதை நினைச்சுக்க.

நிரஞ்சனா: அது சரிதான்.

யாக்கூப்: எனக்கு மனசு உறுத்துறது ஒண்ணுதான். சேகர் அண்ணன். பேச்சு கொஞ்சம் திரும்பினதும் வாராவாரம் கேப்பாரு. 'வே…லை… முடிஞ்சுதா'ன்னு. என்னா அக்கறை அந்த முகத்துல. படுத்திருக்கிற மனுஷனைப் பார்த்துப் பொய் சொல்லுறோமேன்னு… மேடையில எனக்கு அப்படி வேர்த்ததே கிடையாது.

நிரஞ்சனா: அப்போ இன்னிக்காவது சொல்லுங்க.

யாக்கூப்: இன்னிக்கு முடியாது. இவ்வளவு நாளும் நான் பந்தலுக்குப் பாரமா இருந்திருக்கேன்னு நினைச்சிட்டா போச்சு, அந்தப் படியில திரும்ப ஏறவே மாட்டாங்க. முதல்ல வேஷத்துக்குச் சம்மதிக்கட்டும்… வர்றாங்க, வர்றாங்க. கேசரி எங்க?

சந்திரமதி: ரூம் அருமையா இருக்கு யாக்கூப். அதே கண்ணாடி. ஓரத்துல உடைஞ்சது அப்படியே இருக்கு. அதுவும் ரூல்தானே?

யாக்கூப்: …ஆமாக்கா.

சந்திரமதி: உட்காருங்க ரெண்டு பேரும். சாப்பிடுங்க. முந்திரியைப் பொறுக்கித் தின்னாதே நிரஞ்சனா, மத்தவங்களுக்கும் வேணும்.

நிரஞ்சனா: ஒண்ணுதான் ஆன்ட்டி.

சந்திரமதி: என்கிட்டயே பொய்யா? எங்க வீட்டுலயும் இப்படித்தான். நீங்க எல்லாரும் போனதும் பார்த்தா கேசரி இருக்கும், முந்திரி இருக்காது… ராஜீவ் எப்படி இருக்கான்?

யாக்கூப்: இன்னும் துவாஸ்லதான் வேலை. இன்னிக்கு ஷிஃப்ட், இல்லன்னா உங்களைப் பார்க்க ஓடி வந்திருப்பான்.

சந்திரமதி: துவாஸ்லேர்ந்து அந்த சேஃப்டி பூட்ஸோட வருவான் பாரு. ராஜகுமாரன் வேஷம், காலுல பூட்ஸ். கீழ்வீட்டு மலாய்க்கார மக்சிக் மேல வந்து, 'உங்க வீட்டுல என்ன, தினமும் மசாலா இடிக்கிறீங்களா'ன்னு கேட்டாங்க.

நிரஞ்சனா: எதிர்வீட்டு மிஸ்டர் டான் டவுன் கவுன்சில்ல சொல்லப் போறேன்னாரே.

சந்திரமதி: சோபாவைத் தூக்கி வராந்தாவுல போட்டா அவர் எப்படி லிஃப்டுக்குப் போவாரு? அப்புறம் என்ன ஆச்சு? ரெண்டாவது வாரம் அந்த சோபாவுலயே உட்கார்ந்து கதவு வழியா நாடகம் பார்க்க ஆரம்பிச்சிட்டாரு. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. கவிப்ரியா அழுதா அவரும் கண்ணைத் துடைப்பாரு.

யாக்கூப்: சேகர் அண்ணன் கட்டிலை ஹால் நடுவுல இழுத்துப் போட்டது யார் யோசனை? நீங்களா?

சந்திரமதி: நான் ரூம்லயே இருக்கட்டும்னுதான் சொன்னேன், சத்தம் தொந்தரவா இருக்கும்னு. கபிலன்தான், 'ஆன்ட்டி, ஆடியன்ஸ் இல்லாம எந்தப் பக்கம் பார்த்து நடிக்கிறது, அங்கிளைக் கொண்டாங்க'ன்னான். அவன் விளையாட்டாச் சொன்னான். நான் உள்ள போய்ப் பார்த்தா, அவர் ஏற்கனவே கதவுப் பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டுக் கிடக்குறாரு.

நிரஞ்சனா: அங்கிளுக்கு நாடகம்னா ரொம்பப் பிடிக்குமா ஆன்ட்டி?

சந்திரமதி: பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்கே தெரியாது பொண்ணு. பார்த்ததே இல்லையே அவரு.

நிரஞ்சனா: சீரியஸாவா? நீங்க பந்தலோட முதல் நாடகத்துலேர்ந்து நடிக்கிறீங்க…

சந்திரமதி: துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவருக்கு ஷோ நேரத்துல எங்க லீவு கிடைக்கும்? வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வந்து கீழ நிப்பாரு. மேல வாங்கன்னா, 'நீ முடிச்சிட்டு வா, நான் அலீம் பாயோட பேசிக்கிட்டு இருக்கேன்'னுடுவாரு. ஒரு படி ஏற மாட்டாரு. எண்ணெய்ச் சட்டையோட அங்க வந்து உட்காரக் கூடாதாம். நானும் வற்புறுத்தல. கல்யாணமான நாள்லேர்ந்து நான் மேடையில யாருன்னு அவருக்குத் தெரியாது.

யாக்கூப்: அந்தப் படகு நாடக ஒத்திகைதான் முதல்ல பார்த்தாரு, இல்ல?

சந்திரமதி: ஆமா. மேடையில கவிப்ரியா பண்ணினாலும், ஒத்திகையில நான்தானே படகுக்காரி. துடுப்புக்குப் பதிலா துடைப்பக்கட்டை. நான் புருஷனைத் தேடிக் கரையில நின்னு கூப்பிடுற இடம்… திரும்பிப் பார்த்தா, அவர் கண்ணு ரெண்டும் என்மேல நிக்குது. என்னை முதல்ல பொண்ணு பார்க்க வந்தப்பகூட அப்படிப் பார்க்கல மனுஷன்.

யாக்கூப்: நாங்க எல்லாரும் சீனை நிறுத்திட்டோம்.

சந்திரமதி: நிறுத்தினதுக்கு அவருக்குக் கோவம். கட்டில் கம்பியை இடது கையால பட்டு பட்டுன்னு தட்டினாரு. ஓட்டுங்கடா படகைன்னு.

நிரஞ்சனா: அதுக்கப்புறம் யார் தப்புப் பண்ணினாலும் தட்டுதான்.

யாக்கூப்: என்னைத்தான் அதிகமாத் தட்டுவாரு. டைரக்டர்னு ஒரு மரியாதை கிடையாது.

சந்திரமதி: நீதானே வசனத்தை மறக்கிறே.

நிரஞ்சனா: அங்கிள் முதல்ல பேசினது உங்க சீன்லதானே யாக்கூப் அங்கிள்? அன்னிக்கு நான் வரல.

யாக்கூப்: என் சீன்தான். நான் கதவைத் தட்டிட்டு நிக்கிறேன். உள்ளேர்ந்து ராஜீவ், 'வாசல்ல யாரு'ன்னு கேக்கணும். அவன் ஷிஃப்ட் முடிச்சு வந்த களைப்புல முழிக்கிறான். யாரும் எடுத்துக் கொடுக்கல. ஹாலே அமைதியா இருக்கு… கட்டில்லேர்ந்து ஒரு சத்தம். 'வா…' அப்படின்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'வா…சல்ல'.

சந்திரமதி: ஆறு மாசமா தெரபிஸ்ட் அப்பா சொல்லுங்க, அம்மா சொல்லுங்கன்னு கெஞ்சினாங்க. ஒண்ணும் வரல. ராஜீவோட வசனம் வந்துச்சு.

யாக்கூப்: ராஜீவ் அழுதுட்டான்.

சந்திரமதி: எல்லாருமேதான் அழுதீங்க. நான் மட்டும் அழல, அடுப்புல சாதம் இருந்துச்சு… அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன் யாக்கூப். அவர் போனப்ப ஒருத்தர்கிட்டயும் நான் சரியாப் பேசல. முப்பதாம் நாள் முடிஞ்சதும் இனிமே சனிக்கிழமை வர வேணாம்னு உன்கிட்ட வெடுக்குன்னு சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் வந்து நிக்கிற இடத்துல அந்தக் கட்டில் இல்லாம என்னால பார்க்க முடியல. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல.

யாக்கூப்: என்னக்கா இது. நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும். இடம் கொடுத்தீங்க, சோறு போட்டீங்க.

சந்திரமதி: ஆமா… இடம் கொடுத்தேன்.

நிரஞ்சனா: ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? யாக்கூப் அங்கிள் கேக்க மாட்டாரு, நீங்க படியில வச்சே கேக்கக் கூடாதுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. எனக்குச் சொல்லல.

சந்திரமதி: கெட்டிக்காரி. கேளு.

நிரஞ்சனா: ஏன் வர மாட்டேங்கிறீங்க? வீட்டுல இப்ப தனியாத்தானே இருக்கீங்க. தாரணி அக்காவும் மெல்பர்ன்ல.

சந்திரமதி: தனியா இருக்கிறது பழகிடுச்சு. அது காரணமில்ல… இத்தனை வருஷம் நான் இருட்டைப் பார்த்து நடிச்சேன். யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அந்த ரெண்டு வருஷம் ஒரு ஆளைப் பார்த்து நடிச்சுப் பழகிட்டேன். இப்ப நான் மேடை ஏறினா யாரைப் பார்க்கிறது சொல்லு? வாயைத் திறந்தா அந்தப் பக்கம்தான் கண்ணு போகும்.

யாக்கூப்: அக்கா, நடிக்க வேணாம். எனக்கு ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. இந்த 'லிஃப்ட் நிக்காத மாடி' நாடகத்துல முதல் சீன் சரியா வரல. கவிப்ரியா அந்தம்மாவாப் பேசினா சின்னப் பொண்ணு பேசுற மாதிரி இருக்கு. எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடல. சும்மா உட்கார்ந்த இடத்துலயே படிச்சுக் காட்டுங்களேன்.

சந்திரமதி: இதுக்குப் பேருதான் நடிக்க வேணாமா?

யாக்கூப்: படிக்கிறதுதான். ஒத்திகையில எத்தனை தடவை கவிப்ரியாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கீங்க.

சந்திரமதி: கதை என்ன?

யாக்கூப்: பழைய பிளாக். லிஃப்ட் ஒண்ணாவது மாடியில நிக்கும், அஞ்சுல நிக்கும், ஒன்பதுல நிக்கும். அந்தம்மா வீடு ஏழுல. புருஷன் போனப்புறம், பையன் வீட்டுக்கு வர மாட்டேன்னு அங்கேயே இருக்காங்க. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ண வர்றவன்.

சந்திரமதி: தெரியும். நீ போன மாசம் அனுப்பினதைப் படிச்சேன்.

யாக்கூப்: படிச்சீங்களா?

சந்திரமதி: வீட்டுல சும்மாத்தானே இருக்கேன். படிக்கிறதுல என்ன… ஆரம்பி.

யாக்கூப்: நிரஞ்சனா, மேடை லைட்டை மட்டும் போடு… ம். 'யாருங்க வீட்டுல? லிஃப்ட் கம்பெனி.'

சந்திரமதி: 'கம்பெனிக்காரங்களுக்கு இந்த மாடிக்கு வழி தெரியுமா? லிஃப்டுக்கே தெரியாதே தம்பி.'

யாக்கூப்: 'அம்மா, இந்த மாடியில லிஃப்ட் நிக்காது. நீங்க அஞ்சாம் மாடிக்கு மேல இறங்கி… இல்ல, ஒன்பதாம் மாடிக்குக் கீழ ஏறி…'

சந்திரமதி: …

யாக்கூப்: …அக்கா.

நிரஞ்சனா: ஆன்ட்டி, நீங்க… மேசையைத் தட்டினீங்க.

சந்திரமதி: தட்டினேனா?

நிரஞ்சனா: ரெண்டு தடவை. பட்டு பட்டுன்னு. இடது கையால.

சந்திரமதி: எனக்குத் தெரியல… கை தானாப் போயிடுச்சு. இவன் மேல இறங்கிக் கீழ ஏறுறானே.

யாக்கூப்: வேணும்னு பண்ணலக்கா. நெசமாவே குழம்பிட்டேன்.

சந்திரமதி: உனக்கு வேணும்னு பண்ணத் தெரியாது… தண்ணி கொடு பொண்ணு.

நிரஞ்சனா: இந்தாங்க. போதுமா ஆன்ட்டி? நிறுத்திடலாமா?

சந்திரமதி: எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தினா அவருக்குப் பிடிக்காது. எங்க விட்டோம்?

யாக்கூப்: 'ஒன்பதாம் மாடியில இறங்கி, ரெண்டு மாடி கீழ நடக்கணும்.'

சந்திரமதி: இரு. நான் எழுந்திருச்சுக்கிறேன். இந்தம்மா உட்கார்ந்துக்கிட்டு இதைச் சொல்ல மாட்டா. அதான் கவிப்ரியாவுக்கு வரல… 'நடக்கிறேன் தம்பி. ஏறவும் செய்றேன், இறங்கவும் செய்றேன். லிஃப்ட் வந்து நிக்கணும்னுதானா நான் இங்க நிக்கிறேன்? இது என் வீட்டுக்காரர் சாவி வாங்கின வீடு.' … என்ன, அடுத்த வசனம் மறந்துட்டியா?

யாக்கூப்: இல்ல. சொல்ல வரல.

சந்திரமதி: அதுக்குள்ள கண்ணைத் துடைச்சா எப்படி? ரிப்பேர்காரன் அழுவானா? … ஷோ எப்போ?

யாக்கூப்: தைப்பூசம் முடிஞ்சு ரெண்டாவது வாரம்.

சந்திரமதி: ஒத்திகை எங்க வைக்கப் போறே?

யாக்கூப்: எங்க வேணும்னாலும்… உங்களுக்கு அலைச்சல் வேணாம்னா புக்கிட் பாஞ்சாங்ல உங்க வீட்டுலயே…

சந்திரமதி: வேணாம். இங்க வச்சுக்க. நான் வர்றேன்.

நிரஞ்சனா: ஆன்ட்டி…

சந்திரமதி: கட்டிப் பிடிக்காதே, கையில பெயிண்ட் இருக்கு. போய் அலீம் பாய்க்குக் கொஞ்சம் கேசரி கொடுத்துட்டு வா. அவர் தம்பின்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவருக்குத்தான்.

நிரஞ்சனா: …போறேன் ஆன்ட்டி. அங்கிள், இப்ப சொல்லுங்க.

சந்திரமதி: என்ன சொல்லணும்?

யாக்கூப்: அவ போகட்டும்… அக்கா. இந்த ரெனவேஷன் விஷயம்.

சந்திரமதி: முடிஞ்சிடுச்சுல்ல?

யாக்கூப்: ஆரம்பிக்கவே இல்லக்கா. கரையானும் இல்ல, காண்ட்ராக்டரும் இல்ல. நீங்க வீட்டோட அடைஞ்சு போயிடக் கூடாதுன்னு நாங்களாப் பேசி வச்சுக்கிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்து அத்தனை நாள் பொய் சொல்லியிருக்கேன்… கோவமாக்கா?

சந்திரமதி: உட்காரு. நீங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும். அவரைத் தெரபிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில விட்டேன். ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. பக்கத்துலதானே பந்தல், வேலை செய்யிற ஆளுங்களுக்குக் கொடுப்போம்னு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்கிக்கிட்டு இந்தப் படி ஏறினேன். கதவு திறந்திருந்துச்சு. ஃபேன் ஓடுது. துப்புரவு வேலை செய்யிற சீன அம்மா ஒருத்தங்க தரையைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. இங்க வேலை நடக்கலையான்னு மலாய்ல கேட்டேன். 'என்ன வேலை? ஒண்ணும் நடக்கல. சனிக்கிழமைதான் இங்க யாரும் வர்றதில்ல, புக்கிட் பாஞ்சாங்ல ஒரு அம்மா வீட்டுக்குப் போயிடுறாங்க. புருஷனுக்கு முடியலையாம், அவங்களைத் தனியா விடக் கூடாதாம்'னாங்க. அந்தம்மா நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது. பொட்டலத்தை அவங்ககிட்டயே கொடுத்துட்டு, அந்த ஈரத் தரையில உட்கார்ந்து அழுதுட்டுப் போனேன். வீட்டுக்குப் போனதும் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, இனிமே யாரும் வர வேணாம்னு சொல்லுறதுக்கு உனக்குப் போன் போட எடுத்தேன். அவருக்கு அப்ப ஒரு எழுத்து பேச்சு வரல. இடது கையால போனைத் தட்டிவிட்டாரு. அப்புறம் ஒரு விரலை எடுத்து வாய்மேல வச்சுக்கிட்டு… சிரிச்சாரு யாக்கூப். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் முதல் சிரிப்பு. அன்னியிலேர்ந்து நீங்க ஒரு பக்கம் நடிச்சீங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம் நடிச்சோம். எனக்கு அது பழக்கம். ஆனா அவரு… இந்தப் படி ஒண்ணுகூட ஏறாத மனுஷன், இத்தனை நடிகருங்களுக்கு நடுவுல சனிக்கிழமை தவறாம நடிச்சிருக்காரு, ஒரு தடவைகூட மாட்டிக்கல.